ஊற்றுத் தண்ணீர்தானே என்று விட்டேன்

வில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் ஊற்றிலிருந்து கருப்பு ஹோஸ் வழியாகத்தான் தண்ணீர் வரும். மகளுக்கு மீன்தொட்டி வாங்கியபோது கடைக்காரர், "குழாய்த் தண்ணியில குளோரின் மருந்து இருக்கும்க்கா. ஒரு நாள் பிடிச்சு வெச்சிட்டு ஊத்துங்க" என்றார். "எங்களுக்கு ஊத்துத் தண்ணிங்க, மருந்தே கிடையாது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

போன மாதம் ஒருநாள் வெள்ளனே எழுந்து, தொட்டியில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு ஹோஸை அப்படியே உள்ளே விட்டேன். உலை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஐந்து மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து சுற்றியது. அதே ஹோஸில் பிடித்த தண்ணீரை மகள் டம்ளரில் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். தட்டிவிட்டேன். டம்ளர் உருண்டு ஓடியது.

என் கணவர் ஹோஸைப் பின்தொடர்ந்து மேலே ஏறிப் போனார். முந்தின நாள் பூச்சிமருந்து அடித்த டேங்க்கை, கேரட் தோட்டக்காரர் ஊற்றில் கழுவிக்கொண்டிருந்தாராம். "ஓடுற தண்ணிதானேண்ணே, வெரசாப் போயிரும்" என்றாராம்.

போய்த்தான் இருந்தது, எங்கள் வீட்டுக்கு.

இனி அங்கே கழுவமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் ஊற்றைச் சுற்றி இன்னும் நான்கு தோட்டங்கள் இருக்கின்றன.

மீன்கள் செத்துப்போய் மகள் அழுததால் புதிதாக மீன் வாங்கினோம். இப்போது தினமும் காலையில் முதல் செம்புத் தண்ணீர் மீன்தொட்டிக்குத்தான். அரை மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் குடத்தை நிரப்புகிறேன். "எங்கம்மாவுக்கு மீன்னா அவ்வளவு இஷ்டம்" என்று மகள் எல்லோரிடமும் சொல்கிறாள். நான் மறுப்பதில்லை.