கஜு இல்லாமல் கத்தார் வரை

கண்டிக்குப் பக்கத்து எங்கள் மடவளையில் கத்தாருக்குப் போவது பெரிய விஷயமில்லை. வீட்டுக்கொருவர் அங்கே இருக்கிறார். ஆனால் என் ஆறு வயது மகள் சைனபுக்கு முந்திரிப் பருப்பு, எங்கள் வாயில் கஜு, ஒரு துணுக்குப் பட்டாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். ஆகாயத்தில் ஆஸ்பத்திரி கிடையாது. அந்தப் பயத்தில் இரண்டு வருடமாக, கத்தாரில் வேலை செய்யும் வாப்பாவை அவள் போனில் மட்டுமே பார்த்தாள். இந்த ஆகஸ்ட் விடுமுறையில் துணிந்துவிட்டேன்.

டிக்கெட் எடுத்தவுடன் விமான நிறுவனத்துக்கு எழுதினேன். தாங்கள் முந்திரி மாதிரிப் பருப்பு வகை பரிமாறமாட்டோம், மற்றப் பயணிகள் கொண்டுவந்தால் பொறுப்பில்லை என்றார்கள். உண்மையைச் சொன்னார்களே, அதுவே போதும். கண்டி டாக்டரின் கடிதம், மூச்சு அடைத்தால் உடனே குத்த இரண்டு அட்ரினலின் ஊசிப் பேனாக்கள், ஈரத் துடைப்பான், வீட்டுச் சோறு எல்லாம் கைப்பைக்குள் போயின.

காலை ஆறு மணிக்கு வேன் புறப்பட்டது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏறத்தாழ நூறு கிலோமீற்றர், நான்கு மணி நேரம். பயணிகள் இருவர், வழியனுப்ப ஒன்பது பேர். எங்கள் ஊர் வழக்கம் அப்படி. பஸ்யாலையில் ரோட்டோரக் கஜுக் கடைகளைக் கண்டால் கண்டி வேன்கள் தானாகவே நிற்கும். நான் போட்ட சத்தத்தில் எங்கள் டிரைவர் திரும்பியும் பார்க்கவில்லை.

விமான நிலைய வாசலில் ஊசியைச் சரிபார்க்கப் பையைத் திறந்தேன். பேனாக்களுக்கு மேலே வறுத்த கஜுப் பொட்டலம்!

"மச்சானுக்கு விருப்பமெண்டு நாந்தான் வச்ச," என்றார் என் அண்ணன். "நல்லாக் கட்டித்தானே ஈக்கி?"

வெளிநாட்டில் இருப்பவரிடம் வெறுங்கையோடு போகக்கூடாதாம். திட்ட வாயெடுத்தேன், அதற்குள் மனிதர் அழுதுவிட்டார். பாவம், அன்பில் செய்தது. பேனாக்களையும் கடிதத்தையும் துடைப்பானையும் எடுத்துக்கொண்டு, சோற்றோடு பையைத் திருப்பியனுப்பினேன். கைகளைச் சோப்பால் கழுவி, எடுத்தவற்றைத் துடைத்து, வழியனுப்ப வந்த என் அக்கா, ராத்தாவின் பைக்கு மாற்றினேன்.

விமானத்தில் ஆசனம், மேசை, பெல்ட் எல்லாவற்றையும் துடைத்தேன். கடிதத்தைப் படித்த பணிப்பெண் சுற்றியிருந்த வரிசைகளில் அவரே விஷயத்தைச் சொன்னார். முன்னாலிருந்தவர் கையிலிருந்த பருப்புப் பாக்கெட்டைப் பிரிக்காமலே உள்ளே வைத்தார். ஐந்து மணி நேரமும் மகள் தூங்கினாள். நான் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இப்படிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பையை நீங்களே அடுக்குங்கள், ஏறுமுன் இன்னொரு தடவை பாருங்கள். ஊசி மடியிலேயே இருக்கட்டும். அங்கே கூப்பிட வருகிறவருக்கும் கஜு சாப்பிடாமல் வரும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நான் அதை மறந்துவிட்டேன்.

கத்தாரில் இறங்கி வெளியே வந்ததும் சைனபு வாப்பாவிடம் ஓடினாள். என் கணவர் அவளைத் தூக்கிக் கன்னத்தில் முத்தமிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"பயப்புட வாணாம்," என்றார் அவர், அவளை இறக்காமலே. "விடிஞ்சதிலேந்து நான் தண்ணி மட்டுந்தான் குடிச்ச."