பெரியப்பா சொன்ன விண்கப்பல்

நேற்று அந்தப் பழைய ஆங்கில விண்வெளித் தொடரை மறுபடி போட்டேன், இந்த முறை தமிழ் சப்டைட்டிலோடு. ஒரு காட்சியில் தூக்கிவாரிப் போட்டது. கையாட்டிக் கூப்பிடும் வீரனை வேற்றுக் கிரகத்தில் விட்டுவிட்டுக் கப்பல் கிளம்புகிறது. "திரும்ப மாட்டோம், அவனை மறந்துவிடுங்கள்" என்கிறார் கேப்டன்.

என் கேப்டனா? முப்பது வருடமாக அவருக்காக எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறேன்!

சின்ன வயதில், ஞாயிற்றுக்கிழமைகளில் முத்தியால்பேட்டை வீட்டு டிவி முன்னால் தெருவே உட்கார்ந்திருக்கும். கதை சொல்வது பெரியப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர், வெள்ளைக்காரன் பேச்சு அவருக்குத் தெரியாதா என்ன? ஷேவிங் சோப்பு மணக்க என்னை மடியில் இழுத்துக்கொண்டு இதே காட்சிக்குச் சொன்னார்: "அழாதடா. எண்ணெ போட்டுக்கினு வந்து அவன ஏத்திக்குவாங்க."

அம்மாவுக்குப் போன் போட்டுக் காட்சியைச் சொன்னேன். "பெரியப்பா ஏம்மா மாத்திச் சொன்னாரு?"

"அவருக்கு ஏதுடா இங்கிலீஷு? பிரெஞ்சு மட்டுந்தான்."

அப்போ அவர் சொன்னதெல்லாம் கட்டுக்கதையா என்று கேட்டேன். பிறகு அம்மா சொன்னாள்: "அல்ஜீரியா சண்டையில, அடிபட்ட கூட்டாளிய விட்டுட்டுத்தான் உங்க பெரியப்பா லாரி ஏறுனாரு. லாரி மறையிற வரைக்கும் அவன் கையாட்டிக்கினே இருந்தானாம்."

நிறுத்தி வைத்திருந்த திரையில் அந்த வீரன் கையைத் தூக்கியபடியே நின்றான்.