மாமா ஆடிய கடைசி இரண்டு இன்னிங்ஸ்

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போலில் ப்ளேஓஃப் முதற்சுற்று தொடங்கிவிட்டால் பேரன் காலைச் சாப்பாட்டை மறந்து கைபேசியில் மூழ்கிவிடுவான். நான் எழுந்து எங்கள் கெல்லிவில் வீட்டின் பின்வளவுக்குப் போய்விடுவேன். எனக்கு அந்த விளையாட்டுப் பிடிக்காது என்று வீட்டில் நினைக்கிறார்கள்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பிளாக்டவுனில் இருந்தோம். கப்பலில் வேலைசெய்து, அமெரிக்கத் துறைமுகங்களில் பேஸ்போல் பைத்தியம் பிடித்து வந்த அம்மாவின் தம்பி எங்கள் முன்னறையில் படுக்கையில் கிடந்தார். சீனி கூடிய சலரோகம் கண்பார்வையைக் கொண்டுபோயிருந்தது. அடுத்து வலது காலைக் கேட்டது. காலை எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்ற டாக்டர், வெள்ளிக்கிழமைக்கு நாளும் குறித்திருந்தார். மாமா கையெழுத்துப் போட மறுத்தார். அம்மா அழுது மன்றாடியபோது ஒரு வாக்குக் கொடுத்தார்.

“என்ர ரீம் முதற்சுற்றைத் தாண்டட்டும். கையெழுத்துப் போடுறன்.”

முன்பின் தெரியாத ஒன்பது அமெரிக்கர்களிடம் தம்பியின் கால் ஒப்படைக்கப்பட்டதில் அம்மாவுக்கு ஆச்சரியமில்லை. அவருக்குத் தம்பியைத் தெரியும்.

ஐந்து ஆட்டங்களில் இரண்டுக்கு இரண்டு. கடைசி ஆட்டம் செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் அப்போது முதல்நாள் இரவு. எங்களுக்குப் பள்ளி விடுமுறையில் ஒரு பகல். சிற்றலை ரேடியோ யன்னலோரத்தில் மட்டுமே எடுத்தது. நான் இயர்போனைச் செருகிக்கொண்டு, கேட்டதைக் கட்டிலில் கிடந்த மாமாவுக்குச் சொன்னேன்.

ஏழாவது இன்னிங்ஸ் முடிந்தபோது மாமாவின் ரீம் ஒரு ஓட்டம் முன்னால். அப்போது ரேடியோ செத்தது. முதல்நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டுப் பற்றரியைத் தீர்த்தவன் நான். அப்பாவின் பெல்ட் ஞாபகம் வந்தது.

“என்ன மருமோன், சத்தத்தைக் காணேல்லை?”

“இரையுது மாமா,” என்றேன். பிறகு நானே ஆட்டத்தை நடத்தத் தொடங்கினேன். எதிரணியில் ஒருவனைப் பாதி ஓட்டத்தில் நிறுத்தி, இரண்டு பேரை வெளியேற்றினேன்.

“அடுத்தவன் அடிச்சிட்டானோ?” என்றார் மாமா.

“ஓம் மாமா. அடிச்சிட்டான்.”

“ரெண்டு பேர் ஓடி வந்திட்டாங்களோ?”

“ஓம் மாமா.”

“சனம் கத்துது, என்ன?”

செத்த ரேடியோவின் இயர்போனுக்குள் சனம் கத்துவது எனக்குக் கேட்டது. இன்றும் சத்தியம் செய்வேன். திரை இழுத்த அறையில் அவருடைய காற்புண்ணின் இனித்த வாடை. மாமா மெதுவாக, ஒரே குரலில் ஒவ்வொரு பந்தாகக் கேட்டார். என் வாய் ஓம் என்றது. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் அவருடைய கடைசி ஆள் அடித்த பந்து பிடிபட்டு, அவருடைய ரீம் தோற்றது.

“சரி. முடிஞ்சுது,” என்று மாமா வலது முழங்காலைத் தடவிக்கொண்டார்.

வியாழக்கிழமைப் பத்திரிகையின் மூலையில் இரண்டு வரி கிடந்தது. மாமாவின் ரீம் வென்றிருந்தது. இன்னும் ஒருநாள் இருந்தது. நான் பத்திரிகையை மடித்துக் குப்பைவாளிக்குள் கோழி எலும்புகளுக்கு அடியில் வைத்தேன். வெள்ளி கையெழுத்தில்லாமலே போயிற்று. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் மாமாவும் போனார்.

செத்தவீட்டில் அம்மா ஒரு அன்ரியிடம் சொல்லி அழுதார்.

“அண்டைக்கு மட்ச் முடிஞ்ச கையோட கூப்பிட்டு, பெடியன்ர ரேடியோவுக்குப் பற்றரி வாங்கிக் குடு அக்கா, அத்தானுக்குச் சொல்லாதை எண்டவன். தன்ர உயிர் போக இருக்கேக்க அவனுக்குப் பற்றரிக் கவலை.”

மாமா காட்டிக்கொடுக்கவில்லை என்ற நிம்மதிதான் எனக்கு வந்தது. அன்று ஆட்டத்தின்போது ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அவர் சற்று நேரம் மூச்சை நிறுத்தி வைத்திருந்தார். நான் ஒருமுறையாவது “இல்லை மாமா” என்று சொல்வேனா என்றுதான் ரேடியோ செத்தது தெரிந்தே கேள்வி கேட்ட, காலை இழக்கப் பயந்த அந்த மனிதர் காத்திருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.