பாட்டை முடுக்கிய மெக்கானிக்

ஒரே ஒரு திருகாணியைத் திருப்பி, ஊரில் பாதிப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்த மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். பாதி என்பது கொஞ்சம் கூடுதல்தான். ஒரு தெருப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் அப்படியொன்றும் நீளமான தெரு இல்லை. ஆனால் கெட்டது கெட்டதுதான். அதில் ஒரு பொட்டுக்கூட நான் ஏற்றிச் சொல்லவில்லை.

சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் அவர் மெக்கானிக். ஊசி முறிந்தாலோ பெல்ட் அறுந்தாலோ நூல் சிக்கினாலோ "மெக்கானிக்!" என்று ஒரு குரல் எழும். இவர் ஸ்க்ரூடிரைவரோடு போய் நிற்பார். வயர் போகிற சாமான் எதுவானாலும் மெக்கானிக்கின் தலையில் கட்டுவதுதானே வழக்கம்? மேனேஜர் அறையில் இருந்த டேப் ரிக்கார்டரும் அப்படித்தான் அவர் பொறுப்புக்கு வந்தது. காலையில் கேசட்டைப் போடுவார். கூரையில் தொங்கும் ஸ்பீக்கர்களிலிருந்து பாட்டு இறங்கும். கீழே வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள் இரையும்.

மூன்றாம் வரிசையில் காலர் தைத்த பெண் ஒருத்தி, எந்தப் பாட்டு வந்தாலும் கூடவே பாடுவாள். அந்த இரைச்சலில் குரல் கேட்காது. உதடு அசைவது மட்டும் தெரியும். மெக்கானிக் உதட்டைப் பார்த்தே விழுந்துவிட்டார். அதன் பிறகு அந்த வரிசை மெஷின்களுக்கு அடிக்கடி எண்ணெய் தேவைப்பட்டது.

"எங்க மெஷின் தாகத்துல சாகுது. அவ மெஷின் மட்டும் எண்ணெயில குளிக்குது. என்ன நியாயம் இது?" என்று மற்றப் பெண்கள் அவரை ஓட்டி எடுத்தார்கள். அவர் காது சிவக்க வேறு பக்கம் போவார். கல்யாணத்தில்தான் போய் முடிந்தது.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு நாள் அவர் டேப் ரிக்கார்டரைப் பிரித்தார். மோட்டாரின் முதுகில் சின்ன ஓட்டை ஒன்று உண்டு. அதற்குள் குட்டித் திருகாணி. அதைத் திருப்பினால் பாட்டின் வேகம் கூடும், குறையும். இவர் கூட்டினார். இன்றைக்கு ஒரு மயிரிழை, அடுத்த வாரம் இன்னொரு மயிரிழை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், பாட்டு நகராதா? பாடகர்களுக்கெல்லாம் வயது குறைந்தது. பாடகிகள் கீச்சுக் குரலுக்குப் போனார்கள். மெல்ல மெல்ல நடந்ததால் யார் காதிலும் உறைக்கவில்லை. பெடல் மிதித்த கால்கள் பாட்டின் பின்னால் தாமாக ஓடின. மாலையில் சட்டைக் கட்டுகள் உயரமாக நின்றன.

வினை வீட்டுக்குள்தான் முளைத்தது.

"ஏங்க, இந்த ரேடியோவுக்கு என்ன வந்துச்சு? மூச்சு வாங்குறவன் மாடி ஏறுற மாதிரி இழுத்து இழுத்துப் பாடுது."

"பேட்டரி தீர்ந்திருக்கும்" என்றார் மெக்கானிக்.

புதுப் பேட்டரி வந்தது. ரேடியோ அப்போதும் இழுத்தது. கம்பெனிப் பெண்கள் இருந்த அத்தனை வீட்டிலும் இதே புகார். அத்தனை பேரும் பேட்டரி மாற்றினார்கள். மூலைக்கடைக்காரர் அந்த லாபத்தில் மாடி கட்டினார் என்று சொன்னால் நம்பாதீர்கள். படிக்கட்டு மட்டும்தான் கட்டினார்.

மெக்கானிக் தம் வீட்டு ரேடியோவை மேஜையில் பிரித்துப் போட்டார். ஒரு பழுதும் இல்லாத பெட்டியை ரொம்ப நேரம் துடைத்தார். மறுபடி மூடினார்.

"இப்ப எப்படி?"

"கொஞ்சம் பரவாயில்லங்க" என்றாள் மனைவி. மெனக்கெட்ட மனிதர் மனம் நோகக் கூடாதே என்று.

உண்மையைச் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவருக்கும் அது தெரியும். ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மகள் பிறந்தாள். தாய் அவளைத் தொட்டிலில் போட்டுக் கம்பெனிப் பாட்டுகளையே பாடினாள், கம்பெனி வேகத்திலேயே. தொட்டிலும் அந்த வேகத்துக்கே ஆடியது. அந்த ஆட்டத்தில் எந்தக் குழந்தை தூங்கும்? பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த மாதிரிக் கண்ணை விரித்துக்கொண்டு படுத்திருக்கும். தெருவில் கம்பெனிப் பெண்கள் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இதே கதிதான்.

மெக்கானிக்கின் மகள் வளர்ந்து பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவில் சேர்ந்தாள். ஒரே மாதத்தில் அழுதுகொண்டு திரும்பி வந்தாள்.

"எல்லாரும் முதல் வரியில இருக்கோம், நீ மட்டும் எந்த ஊருக்குடி ஓடுறன்னு டீச்சர் கேட்டாங்கம்மா. எல்லாரும் சிரிச்சாங்க. இனி வர வேணாமாம்."

தாய் மகளைப் பக்கத்தில் இழுத்து முகத்தைத் துடைத்துவிட்டாள். "உன் மேல தப்பில்லடி. என்னைக் கொண்டு பிறந்திருக்க. ரேடியோவோட சேர்ந்து பாடினா எனக்கே தாளம் நிக்காது. என் ரத்தத்துல இருக்கிற கோளாறு."

மெக்கானிக் அப்போது எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன்; மறைத்ததை உட்கார்ந்து தின்றும் முடித்தவர் இவர் ஒருவர்தான்.

வருஷங்கள் போயின. டேப் ரிக்கார்டர் பழைய சாமானோடு போயிற்று. ஸ்பீக்கர் ஊமையாயிற்று. மெக்கானிக்கும் மனைவியும் வேலையைவிட்டு நின்றார்கள். மனைவி மட்டும் பாத்திரம் துலக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பாடிக்கொண்டே இருந்தாள். நாலு சுவருக்குள் பாடுகிறவளைத் தாளம் கேட்க யார் வரப்போகிறார்கள்?

அப்புறம் சூப்பர்வைசர் அக்காவுக்கு விடைகொடுக்கும் விழா வந்தது. மூன்றாம் வரிசையை ஆரம்பத்திலிருந்து மேய்த்தவர் அவர்தான். "நீ ஒரு பாட்டுப் பாடணும். எனக்கு வேற பரிசே வேணாம்" என்று சொல்லிவிட்டார். மனைவி ஒரு வாரம் பழகினாள். மெக்கானிக் ஒரு வாரம் வியர்த்தார். விழா அன்று வாத்தியக்காரர்களிடம் ரகசியமாகப் போய், "கொஞ்சம் வேகமா வாசிங்களேன்" என்று கெஞ்சியும் பார்த்தார்.

"பாட்டு என்ன வேகமோ அந்த வேகம்தான் சார்" என்றார் கீபோர்டுக்காரர்.

மனைவி மேடை ஏறினாள். முதல் வரியிலேயே முந்திப் போனாள். கீபோர்டுக்காரர் துரத்திப் பார்த்தார், மூச்சு முட்டியது. டிரம்ஸ்காரர் குச்சியை மடியில் வைத்துவிட்டு மைக்கில் குனிந்தார். "அக்கா, எங்களையும் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்க!"

மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தபடியே பாட்டை நிறுத்தினாள். மைக்கை மெதுவாக வைத்துவிட்டு இறங்கி வந்து கணவர் பக்கத்தில் நின்றாள்.

"எழுந்திருங்க. போகலாம்."

வீட்டுக்கு வந்து ஒரே வார்த்தைதான் சொன்னாள். "இனிமே பாட மாட்டேங்க. எனக்குள்ளகூட."

மறுநாள் காலை சமையலறையில் பாத்திரம் உருண்டது, தண்ணீர் ஓடியது, குரல் இல்லை. அத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அப்படியொரு காலை விடிந்ததில்லை. மெக்கானிக் கூடத்துக்கும் சமையலறை வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். சொன்னால் அவள் மூஞ்சியில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அவள் பாட்டு அவரோடு சேர்ந்து செத்துப்போகும்.

அந்த நேரம் பார்த்துச் சூப்பர்வைசர் அக்கா வந்தார், அவள் மண்டபத்தில் மறந்து வைத்துவிட்டு வந்த கைப்பையோடு. காபி போட்டுக் கொடுத்துவிட்டு மனைவி எதிரில் உட்கார்ந்தாள். "மன்னிச்சிருங்க அக்கா. உங்க விழாவைக் கெடுத்துட்டேன். எனக்கு எப்பவுமே தாளம்…"

"உனக்கு ஒரு கோளாறும் இல்ல" என்றார் மெக்கானிக்.

இருவரும் திரும்பினார்கள்.

"கம்பெனி டேப்பை நான்தான் முடுக்கி வச்சேன். நீ அங்க கேட்ட பாட்டு எல்லாமே ஓட்டப் பாட்டு. ரேடியோ சரியாத்தான் பாடுச்சு."

மனைவி எழுந்து நின்றாள். "அப்போ பேட்டரி?"

"அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

"பாப்பா அழுதுட்டு வந்தாளே. அன்னைக்கு நீங்க எதுக்கதானே உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"சாப்பிட்டுக்கிட்டு."

"ஆமா."

மெக்கானிக் ஓர் அடி பின்வாங்கினார். நிற்க ஒரு கோல் கிடைத்தால் போதும் என்று கையில் அகப்பட்டதைப் பிடித்தார். "நான் என்னம்மா பண்றது? மேனேஜர் சொன்னார். சோறு போடுறவன் சொன்னா கேட்டுத்தானே ஆகணும்?"

அவள் முகம் இளகியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மேனேஜர் சொன்னா நீங்க என்ன செய்வீங்க, பாவம்."

சூப்பர்வைசர் அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லையே தம்பி. பாட்டுக் கேட்டுக்கிட்டு வேலையைக் கோட்டை விடுறாங்க, நிறுத்திடுன்னுதான் மேனேஜர் சொன்னார். நிறுத்த வேணாம் சார், வேகமா ஓடவிட்டா காலர் கூடுதலா வரும்னு யோசனை சொன்னது நீங்க. நான் கதவுகிட்ட நின்னுட்டிருந்தேன். இவளுக்குத் தெரியும்னுல்ல இத்தனை நாளா நினைச்சேன்."