எதிர் வீட்டில் சாவு, என் வீட்டில் உப்புமா

முதலிலேயே மன்னித்துவிடுங்கள். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை இது. நினைப்பு ஒரு பக்கம் போனால் எழுத்து இன்னொரு பக்கம் போகும். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. போன வாரம் ஒரே விஷயத்தை இரண்டு தடவை எழுதியிருந்தேனாம். பத்திரிகைத் தம்பி போன் செய்து, "பரவாயில்லைங்கம்மா, ஒண்ண எடுத்துட்டேன்" என்றார். எதை எடுத்தார்? கேட்கக் கூச்சம். கேட்கவில்லை.

நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். காகிதம் என் முகத்தைப் பார்க்காது.

அப்படிப்பட்டவள் பேச வேண்டி வந்துவிட்டது. அதுவும் எங்கே? சாவு வீட்டில்.

பெரம்பலூரில் எங்கள் தெரு கல்லூரிக்குப் போகிற தெரு என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு மாடி, மாடி நிறையப் பிள்ளைகள். மக்காச்சோளம் காயப்போட்ட ரோட்டில் இப்போது பைக் காய்கிறது. தெரு இப்படி மாறிப்போச்சே என்று குறைப்பட்டுக்கொள்ள எனக்கும் ஆசைதான். எப்படி முடியும்? முதன்முதலில் மாடி கட்டி வாடகைக்கு விட்டவளே நான்தான். மேலே பெண்பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள். காலை டிபன் என் பொறுப்பு. பாட்டி என்று கூப்பிட வேண்டிய என்னை "ஆன்ட்டி" என்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

இத்தனை மாற்றத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை. தெருவில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் எந்த வீட்டிலும் அடுப்பு பற்றாது. பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும் பற்றாது.

புதன்கிழமை விடிகாலை எதிர் வீட்டு சரோஜாவின் வீட்டுக்காரர் போய்விட்டார். அரியலூரில் சிமென்ட் லாரி ஓட்டி ஓய்ந்த மனுஷன். பல் விளக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவர், எழவே இல்லை. ஓடிப்போய் சரோஜாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். மகன் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், சாயங்காலம்தான் எடுப்பார்கள் என்றார்கள்.

வீட்டுக்குத் திரும்பினால் மாடிப்படியில் நிவேதா நிற்கிறாள். தா.பழூர்ப் பெண், நர்சிங் படிக்கிறாள்.

"ஆன்ட்டி, இன்னிக்கு எங்களுக்கு செமஸ்டர். டிபன் வேணாம், நாங்க பாத்துக்கறோம்."

"என்னாத்த பாத்துப்பீங்க? கடையெல்லாம் சாத்தியிருக்குமே."

"பிஸ்கட் இருக்கு ஆன்ட்டி."

பரீட்சை எழுதப் போகிற பிள்ளை பிஸ்கட்டைத் தின்றுவிட்டா போவது? அடுப்பைப் பார்த்தேன். எதிர் வீட்டைப் பார்த்தேன். அப்புறம்... பின்னறை மூலையைப் பார்த்தேன். மகள் வாங்கிக் கொடுத்த கரண்ட் அடுப்பு. அதில் தீ ஏது? தீ இல்லாதது அடுப்புக் கணக்கில் வருமா? எனக்கு நானே வக்கீல், நானே ஜட்ஜ். தீர்ப்பு உடனே கிடைத்துவிட்டது.

ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கை அடைத்து, ரவையைக் கிளறினேன். தாளிக்காமலாவது விட்டிருக்கலாம். கை கேட்கவில்லை. கடுகு வெடித்தது என் காதுக்கு அதிர்வேட்டு மாதிரி இருந்தது.

பயந்துகொண்டே தெருவை எட்டிப் பார்த்தேன். மெஸ்ஸின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்கடியில் வரிசையாகச் செருப்புக் கால்கள். டீக்கடைக்காரர் பாய்லரைத் தெருமுக்கைத் தாண்டித் தள்ளி வைத்திருந்தார் — அது அடுத்த தெருவாம். ஆக, வக்கீல் நான் மட்டும் இல்லை.

பிள்ளைகளைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு மறுபடியும் எதிர் வீட்டுக்குப் போனேன். சரோஜா என் தோளில் சாய்ந்தாள். அழுகை நின்றிருந்தது. மெல்லக் கூப்பிட்டாள்.

"அக்கா."

"என்னம்மா?"

"உப்புமாவா?"

சேலையில் ஏறிய தாளிப்பு வாசம் காட்டிக் கொடுத்துவிட்டது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

"கோவிச்சுக்காத சரோஜா. புள்ளைங்களுக்குப் பரீட்ச..."

"அதுக்கில்லக்கா. சுகர் மாத்திரைய எந்திரிச்சதுமே போட்டுட்டேன். ஒண்ணும் திங்கல. அதுக்குள்ள இவரு இப்படிப் பண்ணிட்டாரு. கை நடுங்குதுக்கா. கண்ண இருட்டிட்டு வருது."

கையைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று வேர்த்திருந்தது. யாரோ அந்த ‘அடுத்த தெரு’ பாய்லரிலிருந்து ஒரு டம்ளர் காபி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சுகர்காரி ஆயிற்றே என்று அக்கறையாகச் சர்க்கரை போடாமல்.

எழுந்து வீட்டுக்கு ஓடினேன். நிவேதா ஹால் டிக்கெட்டோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்தாள்.

"மொதல்ல இத வாயில போடுங்க. கொஞ்சம் தெளிஞ்சதும் உப்புமா குடுங்க. நடுக்கம் நிக்கலன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிடுங்க. நிக்காதீங்க ஆன்ட்டி, போங்க."

சாக்லேட் முந்தானையில் ஒளிந்துகொண்டது. உப்புமாத் தூக்குவாளி ஒளியுமா? பந்தலில் அத்தனை ஆம்பிளைகள். தலையைக் குனிந்தபடி நடந்தேன். சாக்லேட் சரோஜாவின் வாய்க்குள் போனதை யாரும் பார்க்கவில்லை. வாளியைத் திறந்தபோது, குரும்பலூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் பார்த்துவிட்டார். செத்தவருக்கு அக்கா.

"ஏம்மா, எந்தம்பி நடு வூட்டுல கெடக்கான். நீ அடுப்பு பத்த வச்சியா?"

ஒப்பாரி நின்றது. அத்தனை பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. ஆனால் சரோஜாவின் கை என் கைக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"பத்த வைக்கலைங்க," என்றேன். "சுவிட்சுதான் போட்டேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒட்டியிருந்த நாக்கு பிரிந்தால் எங்கே நிற்கும்?

"மாத்திரைய போட்டுட்டு வெறும் வயித்துல உக்காந்திருக்குதுங்க. இன்னுங் கொஞ்ச நேரம் வுட்டீங்கன்னா, இன்னொரு ஐஸ் பெட்டிக்குச் சொல்லணும்."

இழவு வீட்டில் பேசுகிற பேச்சா இது? யார் பேசியது என்று நானே பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

நாத்தனார் என்னைப் பார்த்தார். சரோஜாவின் கையைப் பார்த்தார். "பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஊட்டு. இங்க வேணாம்," என்றார்.

நாலு வாய் உள்ளே போனதும் நடுக்கம் அடங்கியது. முகத்தில் களை வந்தது. ஐந்தாவது வாயில், "உப்பு கம்மிக்கா" என்றாள் சரோஜா. பிழைத்துக்கொண்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது. அதற்கப்புறம்தான் அவள் அவரை நினைத்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். வாளியை மட்டும் கீழே வைக்கவில்லை.

பின்கட்டுக் கதவு மெல்லத் திறந்தது. நாத்தனார்.

"மிச்சம் இருக்கா? எனக்குஞ் சுகர்தான்."

மறுபடி போய்க் கிளறினேன். இந்தத் தடவை ஜன்னலைச் சாத்தவில்லை. அந்த வீட்டில் அத்தனை சுகர்காரர்கள் இருப்பது எனக்குத் தெரியாது. மதியத்துக்குள் இன்னும் சில பேருக்குப் புதிதாகவும் வந்துவிட்டது.

இப்போது நிவேதா கல்லூரிக்குப் போகிற வழியில் எதிர் வீட்டில் ஏறி, சரோஜாவுக்கு விரலில் குத்திச் சுகர் பார்த்துவிட்டுப் போகிறாள்.

சாக்லேட் முதலா, உப்புமா முதலா — நான் வரிசையை மாற்றி எழுதியிருந்தாலும் எழுதியிருப்பேன். இதைப் படிக்கிற டாக்டர் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரமாகச் சொன்னால் நல்லது. எங்கள் தெருவில் மாடியில் இருப்பவர்கள்தான் பிள்ளைகள். கீழே இருக்கிற நாங்கள் அத்தனை பேரும் மாத்திரைக்காரர்கள்.