யோஹானின் தங்கை எழுதிய கடிதம்

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். காலைச் சாப்பாட்டுக்குக் கறுத்தப் பாணைத் துண்டு துண்டாக வெட்டிப் பட்டர் பூசி வைத்தாள். சீரகம் போன்ற ஏதோ ஒரு விதை தூவிய, கையில் எடுத்தால் கல்லாகக் கனக்கும் பாண். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அதற்குமேல் சாப்பிட முடியவில்லை.

“ஏனப்பா, பழசோ?”

“இல்லைப் பிள்ளை, நல்ல பாண்தான்” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை மட்டும் குடித்தேன். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

அது எட்வினின் குசினி வாசனை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவில் அஜின்கோர்ட் என்ற இடத்தில் அவருடைய வீட்டு பேஸ்மென்டில் நானும் கூட்டாளி குணமும் வாடகைக்கு இருந்தோம். மனைவியும் மகளும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த காலம். குணம் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார். யாழ்ப்பாணத்தில் பதினாறு வருஷம் சரித்திரம் படிப்பித்த நான் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினேன். நாங்கள் மீன் பொரிக்கும் நாட்களில் மேலே இருந்து எட்வின் கதவைத் திறந்து வைப்பார். கோபமாக்கும் என்று பயந்தோம். பிறகுதான் தெரிந்தது, மனுசனுக்கு அந்த மணம் பிடிக்கும்.

முப்பது வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமைகளில் அந்தக் கறுத்தப் பாணைச் சுட்டு எங்களுக்கும் பாதி தருவார். தாயார் சுட்டது, தாயாரின் தாயார் சுட்டது என்பார். அவருடைய பூட்டன் யோஹான் ஜேர்மனியிலிருந்து வந்து மார்க்கம் என்ற ஊருக்குப் பக்கத்தில் காடு வெட்டியவர். உலகச் சண்டையில் ஜேர்மனி எதிரியானபோது குடும்பத்தார் அயலவர்களுக்குப் பயந்து வீட்டுக்குள் ஜேர்மன் பேசுவதை விட்டுவிட்டார்களாம். மொழி போய்ப் பாண் மட்டும் மிஞ்சியிருந்தது.

நான் கனடாவுக்கு வருமுன் மூன்று வருஷம் ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்தவன். இதை ஒரு நாள் பெருமையாக அவரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் அவர் ஒரு பிஸ்கட் தகரத்தோடு கீழே இறங்கி வந்தார். உள்ளே ஒரேயொரு கடிதம். யோஹானுக்கு ஊரிலிருந்து வந்தது. வீடு வீடாகக் கடிதம் கொடுத்த மனுசனால் தன் வீட்டுக் கடிதத்தை வாசிக்க முடியவில்லை. மேசையில் ஒரு பெரிய தாளையும் விரித்தார். ரூலர் வைத்துக் கீறிய குடும்ப மரம். உச்சியில் யோஹான். அவருடைய சகோதரங்களுக்கென்று பக்கத்தில் வெற்றிடம்.

“அங்கே எங்களுக்கு இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் தெரிந்தால் போதும்” என்றார்.

அவர் மேலே போனதும் குணம் சிரித்தார். “என்ன மாஸ்ரர், உந்தக் கிழவனுக்கும் கேஸ் எழுதிக் குடுக்கப் போறியளோ?”

அந்தப் பகிடியை விளக்க வேண்டும். அப்போது புதிதாக வருகிற எங்கள் ஆட்களுக்கு அகதி விண்ணப்பக் கதையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பவன் நான். இலவசமாகத்தான். அவர்கள் பட்டதெல்லாம் உண்மை. ஆனால் கேள்வி வரக்கூடிய ஓட்டைகளை அடைத்துவிடுவேன். முக்கியமாக, ஊரில் ஒருவரையும் மிச்சம் வைக்க மாட்டேன். தமையன் இருக்கிறான் என்று எழுதினால், அவனோடு போய் இருக்கலாமே என்று அதிகாரி கேட்பார். ஆகவே தமையனைக் காணவில்லை, தாய் மாமன் செத்துப்போனார், வீடு எரிந்துவிட்டது. அப்படியே கை பழகிவிட்டது.

கடிதத்தை விரித்தேன். நான் படித்தது பஸ் போர்டும் முகாம் அறிவித்தலும் வாசிக்கும் ஜேர்மன். இதுவோ அந்தக் காலத்துக் கையெழுத்து. கோழி கிளறிய மாதிரி ஒரே சாய்வாக ஓடியது. அன்னா என்ற பெயரையும், வீடு, குளிர் என்ற சொற்களையும் பிடித்தேன். மற்றதெல்லாம் இருட்டு. எனக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவனை அந்த வீட்டில் ஒருவர் படித்தவன் என்று மதித்தார். அந்த மதிப்பை இழக்க மனம் வரவில்லை.

இரண்டு வாரம் ‘ஆராய்ந்து’ ஒரு கதை சொன்னேன். அன்னா யோஹானின் தங்கை. ஊரில் குளிர்காலத்தில் கொள்ளைநோய் வந்தது. குடும்பத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். கடைசியாகப் படுக்கையில் கிடந்து அன்னா எழுதிய கடிதம் இது.

எட்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படியென்றால் ஒருவரும் இல்லை.”

“ஒருவரும் இல்லை” என்றேன்.

வெற்றிடத்தில் ரூலரை வைத்து ஒரு தடித்த கறுப்புக் கோடு போட்டார். கோணாமல் போட்டார்.

அந்த வாரம் பாண் முழுவதையும் எங்களுக்கே தந்துவிட்டார். குணம் கடித்துப் பார்த்துவிட்டு, “மாஸ்ரர், இதைத் தலையிலை போட்டால் ஆள் முடிஞ்சுது” என்றார். நானும் சிரித்தேன்.

நாலைந்து வருஷங்களுக்குப் பிறகு, வீட்டை விற்றுவிட்டு விட்பியில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகுமுன் எட்வின் அந்தத் தகரத்தை எனக்குத் தந்தார். “இதற்காகப் பாடுபட்டவர் நீங்கள்தானே.” என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமல் அதை வீட்டில் வைத்திருக்கப் பயமாக இருந்தது. நூலகத்தில் பழக்கமான ஒரு ஜேர்மன் கிழவி, ஓய்வுபெற்ற ஆசிரியை, பழைய எழுத்து வாசிப்பார் என்று கேள்விப்பட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அரை மணித்தியாலத்தில் வாசித்து முடித்தார்.

அன்னா படுக்கையில் கிடக்கவில்லை. கலியாணம் முடித்து நான்கு பிள்ளைகளோடு இருந்தாள். பிள்ளைகளின் பெயர்களை வயதோடு எழுதியிருந்தாள். ஊரின் பெயரும் தேவாலயத்தின் பெயரும் தெளிவாக இருந்தன. இந்த வருஷம் குளிர் கடுமை, ஆனால் எல்லோரும் சுகம். யோஹான் அண்ணா, உன் கட்டிலை நாங்கள் இன்னும் எடுக்கவில்லை. ஒரு வரியாவது எழுது.

“தேவாலயத்துக்கு எழுதிப் பாருங்கள், ஆட்கள் இருப்பார்கள்” என்றார் ஆசிரியை.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பஸ்ஸும் ரயிலும் ஏறி விட்பிக்குப் போனேன். சொல்லவேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எட்வின் கட்டிலில் சாய்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் அந்தத் தாள், கறுப்புக் கோட்டோடு. மருந்து கொண்டுவந்த தாதியிடம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இவர்தான் என் குடும்பத்தைக் கண்டுபிடித்துத் தந்தவர்.”

நான் சொல்லவில்லை. அடுத்த முறை சொல்லலாம் என்று திரும்பினேன். மனைவியும் மகளும் வந்து சேர்ந்த அலுவல்களில் அடுத்த முறை தள்ளிப் போனது. அவற்றைச் சாட்டாகச் சொல்ல முடியாது; போக விருப்பமில்லாமல்தான் இருந்தேன். அந்தக் குளிர்காலத்தில் எட்வின் இறந்துபோனார். சாமான்களைப் பொறுப்பேற்க யாரும் வரவில்லை என்று இல்லத்திலிருந்து சொன்னார்கள். சாமான்களையும் சுவரில் இருந்தவற்றையும் எறிந்து, அறையைத் துப்புரவாக்கி அன்றே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

அஜின்கோர்ட் வீட்டை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது இரண்டு கராஜ் வைத்த மாடிவீடு. குணமும் போய்ச் சேர்ந்துவிட்டார். நூலகத்து ஆசிரியையும் இல்லை. கடிதம் என் அலுமாரியில் இருக்கிறது. அன்னாவினதும் நான்கு பிள்ளைகளினதும் பெயர்கள் எனக்கு மனப்பாடம். அவற்றை எழுத அந்தத் தாள்தான் இல்லை.