அக்காவின் பெயருக்குக் கீழே ஒரு வரி

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் முப்பது வருஷமாகப் பிழை திருத்துகிறேன். அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்திருந்தால் டிசைனரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். "அண்ணாச்சி டேபிளுக்குப் போனா அழுதுட்டுத்தான் வரணும்" என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அப்பேர்ப்பட்டவன், போன வருஷம் சொந்தக் குடும்பத்துக்கே ஒரு காலண்டர் போட ஆசைப்பட்டேன். மாதங்களை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு நடுவில் எங்கள் வம்ச மரம். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் அவரைப் பற்றி ஒரு வரி. பொங்கலுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பதாகத் திட்டம்.

தாத்தாவுக்கு எழுதியாயிற்று: மாட்டோடு பேசுவார், மனுசனோடு பேச மாட்டார். அப்பாவுக்கும் ஆயிற்று: கோபம் வந்தால் சோற்றைத் தொட மாட்டார். அக்காவிடம் வந்து நின்றுவிட்டேன்.

எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, தன் ஒன்பதாவது வயதில் செத்துப்போனவள். போட்டோ கிடையாது. அவள் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் வெடியும் கிடையாது. பட்டாசு ஜில்லாவில் கம்பி மத்தாப்புகூடக் கொளுத்தாத வீடு என்று தெருவே கேலி பேசும். துக்கம் அனுசரிக்கிறோம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அச்சங்குளத்தில் இருக்கும் சித்தப்பாவிடம் போய், அக்கா எப்படிச் செத்தாள் என்று கேட்டேன்.

"மஞ்சக்காமாலைலே. கண்ணெல்லாம் மஞ்சளாப் போச்சு. நீ அப்ப அங்கன இல்ல. சாத்தூர்ல ஒங்க மாமா வீட்ல இருந்த. அதை எதுக்குலே இப்பக் கிண்டுத? சாப்பிட்டியா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆனைக்குட்டத்தில் அத்தை வீடு. அத்தை ஒரே அடியாகச் சாதித்தாள்.

"காமாலையா? யாரு சொன்னா? அணைத் தண்ணியில விழுந்துட்டாப்பா. அன்னைக்கு நீ எங்கூட இருக்கன்குடி கோயிலுக்கு வந்திருந்த. ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

ஒரே பிள்ளைக்கு இரண்டு சாவா? எரிச்சலோடு விருதுநகர் வீட்டுக்கு வந்து, மாத்திரை போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் நேராகவே கேட்டேன். இந்த முறை அவள் எழுந்து போகவில்லை. முழங்கால் வலி விடவில்லை.

"பூச்சி தீண்டிருச்சுய்யா" என்றாள். பாம்பைப் பாம்பென்று சொல்ல மாட்டாள். "பருத்திக் காட்டுல. நீ வீட்ல தூங்கிட்டு இருந்த."

"மூணு பேரும் மூணு விதமாச் சொல்றீங்க. எதைத்தாம்மா அச்சடிக்க?" என்று கத்தினேன். எழுபத்தாறு வயதுக்காரியிடம் கத்துகிறோமே என்ற கூச்சம்கூட எனக்கு அப்போது இல்லை. அம்மா மாத்திரை அட்டையை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றையும் தாளில் எழுதி பிரஸ்ஸுக்கு எடுத்துப் போனேன். பிழை திருத்துகிறவனுக்கு எது மாறியிருக்கிறதோ அதுதான் கண்ணில் படும். காமாலை, தண்ணீர், பாம்பு என்று நான்கு நாள் அதையே பார்த்தேன். ஐந்தாம் நாள்தான் மாறாமல் இருந்தது தெரிந்தது. சாத்தூரில் இருந்தேன், கோயிலில் இருந்தேன், தூக்கத்தில் இருந்தேன். மூன்றிலும் நான் அங்கே இல்லை. நான் எங்கே இருந்தேன் என்று நான் யாரையும் கேட்கவே இல்லையே. எல்லோரும் தாமாகத்தானே சொன்னார்கள்! பாதி நாள் லீவு சொல்லிவிட்டு ஆனைக்குட்டத்துக்குப் பஸ் ஏறினேன்.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, "நான் அங்கனதான் இருந்தேன், இல்லையா அத்தை?" என்றேன்.

கீரைக்கட்டு மடியிலிருந்து சரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு சொன்னாள்.

தீபாவளிச் சீசன். வெடிகளைத் திரியோடு சேர்த்துச் சரமாகப் பின்னும் வேலையை, செய்யக்கூடாது என்று தெரிந்தும், வீட்டுக்கே கொண்டுவந்து செய்த காலம். வாசல் பக்கமாக உட்கார்ந்து அக்கா பின்னிக்கொண்டிருந்தாள். அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். நான் நடுவீட்டில் ஒரு பொட்டு வெடியைத் தரையில் வைத்துக் கல்லால் தட்டியிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். ஆனால் தட்டிய இடம், பின்னி வைத்த சரங்களுக்குப் பக்கம்.

"முதல்ல பிடிச்ச நெருப்புல அவ ஓடியிருக்கலாம். வாசப்பக்கந்தான் இருந்தா. உள்ள ஓடி ஒன்னையத் தூக்கித் தெருவுல எறிஞ்சா. அவளால வெளிய வர முடியல" என்றாள் அத்தை. "பிள்ளைக்கு ஒருநாளும் தெரியக்கூடாது, எல்லாரும் ஒண்ணு போலச் சொல்லணும்னு ஒங்கப்பா சத்தியம் வாங்குனாக. அந்த மாசமே ஊரைக் காலி பண்ணிட்டு ஒன்னையத் தூக்கிட்டு விருதுநகருக்குப் போயிட்டாக. என்ன சொல்லச் சொன்னாகங்கறது மறந்தே போச்சுப்பா. நீ அங்கன இல்லங்கறது மட்டுந்தான் மறக்கல."

எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கல், அந்தத் தெரு, என்னைத் தூக்கிய கை, ஒன்றுகூட இல்லை. என்னைக் காப்பாற்றியவளின் முகத்தைக்கூட வைத்துக்கொள்ளாமல் ஐம்பது வருஷம் தின்று தூங்கி வாழ்ந்திருக்கிறேன். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து ஆள் "என்னண்ணே, யாரும் தவறிட்டாகளா?" என்று கேட்டார். "அக்கா" என்றேன். "என்னைக்கு?" என்றார்.

அக்காவின் பெயருக்குக் கீழே கடைசியில் நானே எழுதினேன்: தம்பி மேல் உயிரையே வைத்திருந்தாள்.

அச்சுக்குப் போகும் முன் புரூஃபை அம்மாவிடம் கொண்டுபோனேன். கண் சரியாகத் தெரியாது, வாசித்துக் காட்டச் சொன்னாள். தாத்தா வரிக்குச் சிரித்தாள். அப்பா வரிக்கு, "இது ஒண்ணுதான் கிடைச்சுதாக்கும்" என்றாள். அக்காவின் வரியை வாசித்தேன். அம்மா தாளில் அந்த இடம் எது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டாள். பிறகு மற்றொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடி வலித்தது.

"நீ அங்கன இல்லய்யா" என்றாள். "தூங்கிட்டு இருந்த."

எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்திருக்குமா என்று அந்த முகத்தைப் பார்த்தேன். அதில் கெஞ்சல் மட்டுமே இருந்தது.

"ஆமாம்மா" என்றேன். "தூங்கிட்டுத்தான் இருந்தேன்."